கறுப்பு ஒரு கவசம்!

தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? மேலே வெயில் காயும். கீழே வெள்ளை உப்பு அதே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் தோல் கறுப்பது நோயல்ல. 'மெலனின்' என்ற நிறமி, புற ஊதாக் கதிருக்கு எதிராகத் தோலுக்குக் குடை பிடிக்கிறது.

மேல்நாடுகளில் பலர் இந்த நிறத்துக்கு ஏங்கி, காசு கொடுத்து புற ஊதா விளக்குப் படுக்கையில் படுக்கிறார்கள். விளைவு, தோல் புற்றுநோய்! 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அந்த விளக்குகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் தடையே விதித்தது.

நம்ம வீட்டில் கதை தலைகீழ். "பொண்ணு பார்க்க வர்றாங்க டாக்டர், சீக்கிரம் கலராகணும்" என்கிறார்கள். தயாரித்தவர் முகவரிகூட இல்லாத டப்பாவை வாங்கிப் பூசுகிறார்கள்.

ஒரே வாரத்தில் வெளுக்கிறதா? அப்போதுதான் பயப்பட வேண்டும்! அதில் பாதரசம் இருக்கலாம். அது மெலனின் உற்பத்தியைத் தடுக்கும். தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலியவைத்து, பருவையும் ரோமத்தையும் கொண்டுவரும்.

கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்த 15 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்! நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

"சித்த வைத்தியத்திலும் ரசம் உண்டே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதற்குச் சுத்தி முறை, அளவு, பத்தியம், வைத்தியர் கண்காணிப்பு எல்லாம் உண்டு. 'மூலிகை' என்று பெயர் ஒட்டிய டப்பாவுக்கு அது சாட்சி ஆகாது.

என்ன செய்யலாம்?

* லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இல்லையா? வாங்காதீர்கள். 'மெர்குரி', 'கலோமெல்' என்றிருந்தால் தொடவே வேண்டாம்.

* சிறுநீர் நுரைத்தாலோ, முகம், கால் வீங்கினாலோ டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

* ஸ்டீராய்டு க்ரீமைப் பல நாள் பூசியவர்கள், தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

* தாய் பூசிய பாதரசம் துண்டு, தலையணை வழியே குழந்தைக்கும் போகும்.

* பயத்தம்மாவு அழுக்கை எடுக்கும், நிறத்தை மாற்றாது. அதுவே போதும். உச்சி வெயிலுக்குக் குடை பிடியுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் பார்த்துவிட்டுப் போவார்கள். சிறுநீரகம் ஆயுசுக்கும் வேண்டுமே, அம்மா!