மேஜர் முகுந்தும் இந்துவும்

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற நாளில் முகுந்த் வரதராசனும் இந்து ரெபேக்கா வர்கீசும் அன்பு பூண்டனர். முகுந்த் தமிழர், இந்துவோ மலையாளக் கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இசையும்வரை இருவரும் பல்லாண்டு பொறுத்திருந்து, 2009-ஆம் ஆண்டில் மணம் புரிந்தனர். முகுந்த் 2006-லேயே படையதிகாரியாகியிருந்தார்.

2014 ஏப்ரல் 25-ஆம் நாள், காஷ்மீரத்து ஷோபியான் மாவட்டத்தில் காஜிபத்ரி என்னும் சிற்றூரில், பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டை 44-ஆம் ராஷ்டிரீய ரைபிள்ஸ் படையினர் வளைத்தனர். முன்னின்று நடத்தியவர் முகுந்த். உடன் போரிட்ட விக்கிரம் சிங் வீழ்ந்தார். முகுந்த் பின்வாங்கவில்லை, தவழ்ந்து சென்று கையெறிகுண்டு வீசினார், அல்தாப் வானி என்னும் தலைவன் மடிந்தான். குண்டுகள் பாய்ந்த முகுந்தும் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. மகளோ மூன்று வயதுக் குழந்தை.

நாடு காணவேண்டியது தம் துயரத்தை அன்று, தம் கணவர் எத்தகையவர் என்பதையே என்று இந்து கூறினார். கண்ணீரை அடக்கியதை அன்பின் குறைவு என்று எவரும் எண்ணார்; மறக்குடி மகளிரின் இவ்வுறுதியை மூதின்முல்லை என்னும் துறையாக வகுத்தவர் நம் முன்னோர் அல்லரோ!

2015 சனவரி 26 அன்று, தில்லிக் குடியரசு நாள் விழாவில், கணவருக்குரிய அசோக சக்கர விருதைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து இந்து தளராமல் நின்று பெற்றுக்கொண்டார்.