ஆந்தையைச் சூழும் காக்கைகள்

பகல் வெளிச்சத்தில் ஓர் ஆந்தை மரக்கிளையில் அகப்பட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒரு காக்கை கரையும். சற்று நேரத்தில் பத்து, இருபது என்று கூடிவிடும். சுற்றிச் சுற்றிப் பறந்தும் கத்தியும் சில சமயம் கொத்தியும், ஆந்தை இடத்தைவிட்டுப் போகும்வரை அவை ஓயமாட்டா. காக்கைகளுக்கு இது பிழைப்புக்கான வேலை. இரவில் கூட்டைச் சூறையாடக்கூடிய எதிரியைப் பகலிலேயே துரத்துகின்றன.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரென்ஸ் இந்தப் பழக்கத்தை விவரித்திருந்தார். 1969-இல் ஸ்வீடனில் பீட்டர் பால் ஹைனமன் என்ற மருத்துவர், பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை வருத்துவதைக் குறிக்க, பறவைகளுக்குச் சொன்ன ‘மாபிங்’ என்ற சொல்லையே எடுத்தாண்டார். சொல் நாடெங்கும் பரவியது.

ஆனால் அது சரியான சொல்தானா என்று ஓர் உளவியலாளர் கேட்டார். அவர் டான் ஒல்வியஸ். 1970-களில் பள்ளிச் சிறுவர்களை முறையாக ஆராய்ந்த அவர், உண்மையில் கைவைப்பவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இரண்டு மூன்று பேர்தான் என்றார். ‘கூட்டம் செய்தது’ என்று சொல்லிவிட்டால் செய்தவர் மறைந்துவிடுகிறார் அல்லவா?

எது சண்டை, எது கேலி, எது கொடுமை என்று பிரிக்க அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார். வேண்டுமென்றே துன்புறுத்துவது, அது திரும்பத் திரும்ப நடப்பது, துன்பப்படுபவர் எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பது. சம பலமுள்ள இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. தோழனுக்குப் பட்டப்பெயர் வைத்து, அவனும் சிரித்து, பதிலுக்கு உங்களுக்கும் ஒன்று வைத்தால் அது கேலி. அவன் சிரிப்பது நின்ற பிறகும் தொடர்ந்தால்? மலேசியத் தமிழர்கள் இதற்குப் ‘பகடிவதை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பகடியில் தொடங்கி வதையில் முடிவதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

‘குண்டாக இருப்பதால்தான், கண்ணாடி போட்டிருப்பதால்தான் அவனைச் சீண்டுகிறார்கள்’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். பருமன், கண்ணாடி, முடியின் நிறம், பேசும் விதம் ஆகியவற்றை எல்லாம் ஒல்வியஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். சீண்டப்பட்ட சிறுவர்கள் தோற்றத்தில் மற்றவர்களைவிட வேறுபட்டிருக்கவில்லை. உடல் வலிமை குறைவு என்ற ஒன்றில்தான் வேறுபாடு தெரிந்தது. கண்ணாடி காரணமல்ல, ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு கையில் கிடைக்கும் சாக்கு. தன் மூக்கையோ நிறத்தையோ நொந்துகொள்ளும் மாணவர் எவராவது இதைப் படித்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

1982-இன் இறுதியில் வட நார்வேயில் 10 முதல் 14 வயதுக்குள் இருந்த மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சகமாணவர்களின் கொடுமை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. மாணவர்கள் பெயர் எழுதாமல் வினாத்தாள் நிரப்பினார்கள். ஏறத்தாழ 100-க்கு 15 பேர் இதில் சிக்கியிருந்தது தெரிய வந்தது. 9 பேர் துன்பப்படுபவர்கள், 7 பேர் துன்பம் தருபவர்கள். கூட்டினால் 16 வருகிறதே என்கிறீர்களா? இரண்டு பக்கமும் இருந்தவர்களும் உண்டு!

வினாத்தாளில் சொல்வது ஒன்று, கண்ணால் காண்பது ஒன்று. கனடாவில் டொரான்டோ நகரத்துப் பள்ளிகளில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். பிள்ளைகளின் உடையில் கம்பியில்லா ஒலிவாங்கியைப் பொருத்தி, தூரத்திலிருந்து விளையாட்டு மைதானத்தைப் படம் பிடித்தார்கள். முதலில் பிள்ளைகள் கேமராவைப் பார்த்து முகம் காட்டியிருப்பார்கள். பிறகு விளையாட்டில் மறந்திருப்பார்கள். பகடிவதை நிகழ்ச்சிகளில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? 1999-இல் வெளியான கணக்கின்படி, தங்கள் நேரத்தில் 54 பங்கு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 21 பங்கு தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். 25 பங்குதான் துன்பப்பட்டவருக்குத் துணை நின்றார்கள்.

‘நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மா நின்றேன்’ என்பது பலர் சொல்லும் பதில். மேடையில் நடிகருக்குக் கூட்டம் எப்படியோ, சீண்டுபவருக்கு இவர்கள் அப்படி. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் வகுப்பு மாணவர்களின் பங்குகளைத் தனித்தனியாகப் பிரித்தபோது, கையாள், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், காப்பவர் என்று எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தது.

டொரான்டோப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. 2001-இல் வெளியான ஆய்வின்படி 19 சதவீத நிகழ்ச்சிகளில் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தது. அப்படி வந்தபோது, பாதிக்கும் மேல், அதாவது 57 சதவீதம் தடவை, 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பத்தே விநாடி! அதற்காக நீங்கள் தனியாகப் போய் அடிவாங்கிக்கொள்ள வேண்டாம். ‘வாடா, உன்னை சார் கூப்பிடுகிறார்’ என்று அவனை அங்கிருந்து அழைத்துக்கொண்டு போவதும் குறுக்கிடுவதுதான்.

இதெல்லாம் வளர்ந்தால் மறந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் பிள்ளை சீண்டப்படுகிறதா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்தார்கள். அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் 50 வயதிலும் மன உளைச்சல் மிகுதியாக இருந்ததாக 2014-இல் முடிவு வெளியாயிற்று. குடும்ப நிலை, அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. சீண்டியவர்களும் தப்பவில்லை. ஒல்வியஸ் தொடர்ந்து கவனித்த அத்தகைய சிறுவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் 24 வயதுக்குள் ஏதேனும் ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள்.

உங்களுக்கே இது நடக்கிறது என்றால் வீட்டிலோ, நம்பும் ஆசிரியரிடமோ இன்றே சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் பள்ளியின் வரைபடம் ஒன்று வரையுங்கள். தண்ணீர்க் குழாய், சைக்கிள் நிறுத்துமிடம், கழிப்பறை, மாடிப்படி எல்லாம் இருக்கட்டும். ஒரு வாரம் கவனித்து, சீண்டல் நடக்கும் இடத்தில் புள்ளி வைத்து, நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். இடைவேளையில் ஆசிரியர்கள் கூடுதலாக நடமாடிய பள்ளிகளில் பகடிவதை குறைவாக இருந்ததை ஒல்வியஸ் நார்வேயில் கண்டார். படத்தை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இடைவேளையில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்வார்.