மதுவும் உடல் எடையும்

(மூன்றாமாண்டு, வேதியியல்)

எங்கள் ஆய்வகத்தில் சாராய விளக்கு நீலச் சுடருடன் எரிவதை மாணவர் அனைவரும் பார்த்திருப்பர். (அதிலுள்ளது நஞ்சு கலந்த சாராயம், குடித்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.) அவ்விளக்கில் எரியும் எத்தில் ஆல்ககால்தான் மதுப்புட்டியிலும் இருக்கிறது. விளக்கில் வெப்பம் தரும் இப்பொருள் வயிற்றுக்குள் சென்றால் என்னவாகிறது? இக்கேள்வி எனக்குத் தோன்றக் காரணம் என் தாய்மாமன். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உடலுக்குள்ளும் அது எரியவே செய்கிறது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அட்வாட்டர் என்பார், ஓர் ஆள் தங்கக்கூடிய சிறு அறையையே கலோரிமானியாக அமைத்தார். உள்ளே இருந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 72 கிராம் ஆல்ககாலைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து, வெளிப்பட்ட வெப்பத்தை அளந்தார். அவரும் பெனடிக்டும் 1902-இல் வெளியிட்ட முடிவின்படி, அது ஏறத்தாழ முழுவதும் எரிந்து உணவைப் போலவே ஆற்றல் தருகிறது. மதுவை எதிர்த்தவர்கள் பேராசிரியர் மீது சினந்தனர், வேறென்ன செய்வார்கள்!

ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோ கலோரியும், கொழுப்பு 9-உம் தருகின்றன. ஆல்ககால் தருவது 7. நம் ஊரில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மி.லி. புட்டியில், 42.8 விழுக்காடு என்று கணக்கிட்டால், சுமார் 61 கிராம் ஆல்ககால் இருக்கும். அதாவது ஏறத்தாழ 425 கிலோ கலோரி. 120 கிராம் அரிசிக்குச் சமம். ஆனால் அரிசியிலுள்ள புரதமோ வைட்டமினோ அதில் இல்லை.

மாவுப்பொருளையும் கொழுப்பையும் சேமித்து வைக்க உடலில் இடமுண்டு, ஆல்ககாலுக்கு இல்லை. எனவே கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து, முதலில் அதை அசிட்டால்டிகைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. அதுவரை கொழுப்பு காத்திருக்கிறது. 1992-இல் சூட்டர் முதலானோர் ஸ்விட்சர்லாந்தில் செய்த சோதனையில், நாளைய ஆற்றலில் கால் பங்கு ஆல்ககாலாகச் சேர்ந்தபோது, கொழுப்பு எரிவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே மது நேரே கொழுப்பாக மாறுகிறது என்பதைவிட, கூடவே தின்ற வறுவலின் கொழுப்பை எரியவிடாமல் தடுக்கிறது என்பதே பொருத்தம். அளவாகக் குடிப்பதாகச் சொல்பவர்களின் தொந்திக்கு இதுவே வழி.

அப்படியானால் பெருங்குடியர் எல்லாரும் பருத்தல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் விந்தை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரலில் ஆல்ககாலை எரிக்க இரண்டாவது பாதையொன்று வலுப்பெறுகிறது. 1968-இல் லீபரும் டிகார்லியும் விளக்கிய இப்பாதையில் ஆற்றலில் ஒரு பகுதி வெறும் வெப்பமாக வீணாகிறது. உணவின் ஆற்றலில் பாதியை மாவுப்பொருளுக்குப் பதிலாக ஆல்ககாலாகக் கொடுத்தபோது எடை குறைந்ததைப் பிரோலாவும் லீபரும் 1972-இல் காட்டினர். பசியின்மையும், குடல் சத்தை உறிஞ்ச மறுப்பதும் வேறு.

இனி மாமா. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் தாமும் ஏறி நின்று பார்ப்பது அவருக்கு வழக்கம். ஒருமுறை, "மருமகனே, குடிச்சா இளைச்சுப் போவேன்னு அக்கா சொல்லுச்சே! 58 இருந்தேன், இப்ப 62!" என்று சிரித்தார். நாங்களும் உடம்பு தேறிவிட்டதாகவே நம்பினோம். வயிறு மட்டும் பானை போலிருந்ததையும், தோள்கள் குச்சியாகிவிட்டதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வேதியியல் படிக்கும் நானும் பார்க்கவில்லை.

கால் வீங்கிய பிறகே மருத்துவரிடம் போனோம். அது கொழுப்பன்று, மகோதரம் என்றார் அவர். கல்லீரல் இறுகி, அதற்குச் செல்லும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி, இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதமும் குறைந்ததால், வயிற்றறையில் நீர் தேங்கியிருந்தது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. இரண்டு தவணைகளில் 9 லிட்டர் எடுத்தனர். பிறகு எடை பார்த்தபோது முள் 53-இல் நின்றது. எடை நாலு கிலோ கூடியதாக மகிழ்ந்த காலத்தில் ஐந்து கிலோ தசை கரைந்திருக்கிறது.

மாமா முள்ளையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரித் தராசு சரியில்லை" என்றார்.