ஓசையின்றி வரும் தொற்று

மாணவர்களே! நாஞ்சில் நாட்டுக் குளக்கரைகளில் நண்டு வளைகளைப் பார்த்திருப்பீர்கள். கரைமேல் புல் பசுமையாகவே இருக்கும். உள்ளே நீர் கசிந்துகொண்டிருக்கும். கரை உடைந்த பிறகே நமக்குத் தெரியவரும். கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்றும் இத்தகையதே.

இதை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. 1907-இல் ஜாவாத் தீவில் ஹால்பர்ஷ்டேட்டர், புரோவாசெக் என்னும் இருவர் டிராக்கோமா என்ற கண்நோயை ஆராய்ந்தபோது இதனைக் கண்டனர். இதன் சில வகைகள் கண்ணையும், வேறு சில வகைகள் இனப்பெருக்க உறுப்புகளையும் தாக்குகின்றன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து டிராக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. பால்வினைத் தொற்றின் கதையோ வேறு. 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுள்ளோரிடையே உலகில் 12.9 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக அதே நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆண், பெண் இருபாலாருக்கும் இது வரும். ஆயினும் பெண்ணுக்கே கேடு மிகுதி. ஏன்? தொற்றுள்ள 10 பெண்களில் ஏறத்தாழ 7 பேருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. சிகிச்சையின்றி விட்டால் கிருமி கருக்குழாய்க்கு ஏறித் தழும்பை உண்டாக்கலாம். குழாய் அடைபட்டால் குழந்தைப்பேறு தடைப்படும். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஊரார் அவளைப் பழிப்பர். காரணமோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி!

எவ்வளவு சிறியது? உடலுக்கு வெளியே அதன் விட்டம் சுமார் 0.3 மைக்ரான். சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரான். மேலும், இது உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும். எனவே இன்றைய சோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதன் மரபுப்பொருளைத் தேடுகிறது. பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருளின் குறிப்பிட்ட பகுதி இரட்டிக்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றுகளில் 107 கோடியைத் தாண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்! சிறிதளவு சிறுநீரோ, பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியோ போதும்.

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் பெரும்பாலும் அறிகுறியைக் கொண்டே மருந்து தரப்படுகிறது. அறிகுறி இல்லாத பெண் அந்தச் சல்லடையில் நழுவிவிடுகிறாள். அவளைக் கண்டுபிடிக்கச் சோதனை ஒன்றே வழி.

நோயைக் கண்டுகொண்டால் குணப்படுத்துவது எளிது. மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் போதும். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். இல்லையேல் தொற்று மீண்டும் வரும். ஆனால் ஏற்பட்ட தழும்பை மாத்திரையால் அழிக்க இயலாது.

நண்டு வளையை அடைப்பதில் வெட்கம் என்ன? கரை உடையும்வரை காத்திருப்பதே அறியாமை.