இயந்திரப் பெண்ணுக்கு வெள்ளிக் கவசம்

பொம்மை ஒட்டுகிற வயதா இது என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு வயது அறுபத்திரண்டு. நம் சங்கத்தின் கோடைக்காலக் கைவினை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என் ரோபோவை எடுத்துச் சென்றபோது, பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் விசாரித்தார்கள். அவர்களில் இருவர் இதுபோன்ற பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பிரிக்கப் பயந்துகொண்டு அலமாரியில் வைத்திருக்கிறார்களாம். அவர்களை மனதில் கொண்டே இதை எழுதுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் விமான, கப்பல் மாதிரிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளலாம். ரெசின் மாதிரிகளின் கதை வேறு. சிற்பி ஒருவர் மூல உருவைக் கையால் செய்கிறார். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார். அந்த அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிப் பாலியூரித்தேன் ரெசினாகிறது. ஒவ்வொரு வார்ப்பிலும் ரப்பர் கொஞ்சம் நைந்துபோகிறது. சில பத்து வார்ப்புகளில் அச்சு கிழிந்துவிடும். குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே இவை வெளிவருவதற்கு முதற்காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் 1980களின் தொடக்கத்தில் ரசிகர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளிலேயே இவற்றை வார்க்கத் தொடங்கினார்கள். 'கராஜ் கிட்' என்ற பெயர் அப்படி வந்தது. 1985-இல் 'ஒண்டர் ஃபெஸ்டிவல்' என்ற சந்தை பிறந்தது. திரைப்படப் பாத்திரங்களின் உரிமையை வைத்திருப்பவர்கள், அந்தச் சந்தை நடக்கும் ஒரு நாளைக்கு மட்டும், இத்தனை பிரதிகள் என்று கணக்கிட்டு அனுமதி தருவார்கள். மறுநாள் அதே பொருளை விற்றால் குற்றம்! ஆகவே ஒரு பாகம் உடைந்தாலோ தொலைந்தாலோ மாற்றுப் பாகம் கேட்டு எழுதுவதற்குப் பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கை தானாக நிதானப்படும்.

என்னிடம் இருப்பது 'மெட்ரோபோலிஸ்' படத்தின் இயந்திரப் பெண். ஜப்பானில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் வாங்கி வந்தது. முக்கால் அடி உயரம், பதினான்கு துண்டுகள். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய அந்த மௌனப் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. (இதே லாங் பிற்காலத்தில் நம் உதயப்பூருக்கு வந்து படம் எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது.) ரோபோவை உருவாக்கியவர் வால்டர் ஷூல்ட்ஸே-மிட்டென்டார்ஃப் என்ற சிற்பி. செப்புத் தகட்டில் அடித்துச் செய்யலாம் என்று முதலில் யோசித்திருக்கிறார்கள். அத்தனை கனத்தை நடிகை எப்படிச் சுமப்பார்? கடைசியில், நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, சாக்குத் துணியின் மேல் 'பிளாஸ்டிக் வுட்' என்ற மரக்கூழ்ப் பசையை மெல்லிதாகப் பரப்பி, அதைக் கவசத் துண்டுகளாக வெட்டிப் பூட்டினார்கள். பிறகு வார்னிஷில் வெள்ளி, வெண்கலப் பொடி கலந்து ஸ்பிரே செய்தார்கள். திரையில் நாம் காணும் அந்த உலோகப் பெண்ணிடம் உலோகமே கிடையாது, பளபளப்பெல்லாம் பூச்சு! நம் மேசையில் செய்யப்போவதும் அதே காரியம்தான். உலோகப் பூச்சு எந்தக் குறையையும் மறைக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மங்கலான பச்சையில் தெரியாத ஊசித் துளை, வெள்ளியில் பள்ளமாகத் தெரியும்.

வேலைக்கு வருவோம். பெட்டியைப் பிரித்தவுடன் துண்டுகளை எண்ணிப் படத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து, குளிப்பாட்டுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதுபோல, வார்ப்பு எளிதாகக் கழன்று வர அச்சில் ஒரு வழுக்குப் பூச்சு அடித்திருப்பார்கள். அது துண்டுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். என் முதல் ரெசின் மாதிரியில் இதை நான் கழுவவில்லை. மூன்று வாரம் உழைத்து, சிவப்புப் பட்டை அடிப்பதற்காக ஒட்டிய நாடாவை உரித்தேன். மார்பிலிருந்த நீல வண்ணம் முழுவதும் தோல் உரிவதுபோல நாடாவோடு வந்துவிட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி, இவை போதும். சாக்கடைக் குழியில் வடிகட்டி வைத்துவிட்டுக் கழுவுங்கள். ரோபோவின் கட்டைவிரல் ஓடிப்போனால் திரும்ப வராது.

வளைந்திருக்கும் துண்டை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் இளகும். நேராக்கி உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், அப்படியே நின்றுவிடும்.

இனி அறுப்பதும் தேய்ப்பதும். ரெசின் ஊற்றிய வாயில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். இரண்டையும் நீக்க வேண்டும். இங்கேதான் நான் கண்டிப்பாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரெசின் தூள் மிக நுண்ணியது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும். சமையலறை மேசையில், மின்விசிறியின் கீழ், பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க இதைத் தேய்க்காதீர்கள். 'வாட்டர் பேப்பர்' எனப்படும் ஈர எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. 400-இல் ஆரம்பித்து 600, பிறகு 1000. அறுக்கும்போதும் துளையிடும்போதும் என்-95 முகமூடி அணியுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கியது எல்லோர் வீட்டிலும் மிச்சம் இருக்கும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூள் மறுபடி எழும்பிவிடும்.

பிளாஸ்டிக் மாதிரிக்கான பசை ரெசினை ஒட்டாது. ஏனென்றால் அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது; ரெசின் அதில் கரையாது. ஃபெவிக்விக் அல்லது அரால்டைட் வேண்டும். வெறும் பசையை மட்டும் நம்பவும் கூடாது. கைகால் சேரும் இடங்களில் இரு பக்கமும் துளையிட்டு, நடுவில் பித்தளைக் கம்பி கோத்துப் பிறகு ஒட்டுங்கள். கம்பி சாவ்ரி பஜாரில் கிடைக்கும். துளையிட, பொற்கொல்லர்கள் விரல்களால் திருகும் சிறு கைத்துளைப்பான் இருக்கிறதே, அதைவிட நல்ல கருவி இல்லை. இரு துளைகளும் நேருக்கு நேர் அமைய, ஒரு பக்கத் துளையின் வாயில் துளி வண்ணம் வைத்து மறுபக்கத்தை அதன்மேல் அழுத்தி எடுங்கள்; புள்ளி விழுந்த இடத்தில் துளையிடலாம். கணுக்காலுக்குக் கம்பி மிக அவசியம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இணைப்பின் இடைவெளிகளுக்கு எம்-சீல். ஈரவிரலால் வழித்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். காற்றுக் குமிழியால் வந்த ஊசித் துளைகளுக்கு ஒரு கைவைத்தியம்: ஃபெவிக்விக்கில் முகப்பவுடரைக் குழைத்துக் குண்டூசி முனையால் வைப்பது. அதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். விட்டால் ரெசினைவிடக் கல்லாகிவிடும். சுற்றியுள்ள ரெசின் தேயும், அது மட்டும் மருவாக நிற்கும்.

அடுத்து அடிப்பூச்சு. காஷ்மீரி கேட் பக்கம் கார் வண்ணம் விற்கும் கடைகளில் சாம்பல் நிற 'சர்ஃபேசர்' கேளுங்கள். மெல்லிதாக அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன குறைகள் எல்லாம் தெரியவரும். நிரப்பி, தேய்த்து, மறுபடி அடியுங்கள். எனக்கு இது நான்கு முறை ஆயிற்று. நம் தில்லியில் ஜூலை, ஆகஸ்டில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் ஈரத்தால் டூகோ வகைப் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். அக்டோபர் கடைசி நல்ல காலம். தீபாவளிப் புகைக்கு முன்னால் முடித்துவிட்டால் தூசும் ஒட்டாது.

நிறத்துக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைப் படம் ஆதலால் பலர் தங்க நிறம் அடித்துவிடுகிறார்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தங்க ரோபோ இவளைப் பார்த்து வரைந்ததுதான். மகளின் நிறத்தைத் தாய்க்குப் பூசுவானேன்? வெள்ளியில் ஒரு துளி வெண்கலம் கலப்பதே சரி. கேட்டுக்கு அடிக்கும் அலுமினியம் பெயிண்ட் உதவாது. அதன் துகள் பெரியது, இத்தனை சிறிய உருவத்தில் மணல் ஒட்டியதுபோல இருக்கும். முதலில் பளபளப்பான கறுப்பு அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் நுண்துகள் வெள்ளியை ஏர்பிரஷ்ஷால் பனிபோலத் தூவுங்கள். அடியிலுள்ள கறுப்புதான் ஆழத்தைக் கொடுக்கிறது. எந்தக் கலவையையும் முதலில் அந்த வெட்டி எறிந்த குச்சிகளில் அடித்துப் பாருங்கள். அவற்றை நான் எப்போதும் ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பதுண்டு. இரண்டு நாள் கழித்து, கறுப்பும் பழுப்பும் கலந்த ஆயில் கலரை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்துக் கவச இடுக்குகளில் ஓடவிட்டு, மேலே தங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்தால் மூட்டுகள் தனித்தனியாக எழுந்து நிற்கும். அதற்குமேல் வார்னிஷ் வேண்டாம் என்பது என் கட்சி. வார்னிஷ் பட்டால் உலோகம் மறுபடி வண்ணமாகிவிடுகிறது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நகல் வார்ப்பு வாங்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வார்ப்பைப் பார்த்து மறுபடி அச்செடுக்கும்போது அளவு சுருங்கும், பாகங்கள் பொருந்தா. ஒரு வருடம் உழைத்த சிற்பிக்கும் ஒரு காசு போய்ச் சேராது.

கணுக்கால் பாக்கி இருக்கிறது. ரெசின் வெப்பத்தில் இளகும் என்றேன் அல்லவா? நம் ஊர் மே மாதத்துக்கு அது போதும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்த என் பழைய ரோபோ ஒரே கோடையில் முன்பக்கம் சாய்ந்து, யாரையோ கும்பிடுவதுபோல நிற்கிறது. அதன் கால்களில் கம்பி இல்லை. இயந்திரப் பெண்ணுக்குக் கம்பி இருக்கிறது. ஆனாலும் ஏப்ரல் பிறந்ததும் அவளைக் கூலர் இருக்கும் அறைக்கு மாற்றிவிடுகிறோம். இப்போது அதை நினைவூட்டுவது, வயதைக் கேட்ட என் மனைவிதான்.