விலையும் சேவையும்

திண்டுக்கல் நகரை நோக்கி வருவோர் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது, சமவெளியின் நடுவே தனித்தோங்கி நிற்கும் பாறைக்குன்றமும் அதன்மேல் அமைந்த கோட்டையுமாகும். அக்குன்றைப் போலவே இந்நகருக்குப் புகழ் தேடித் தந்த மற்றொரு பொருள் பூட்டு. கையால் செய்யப்பெறும் திண்டுக்கல் பூட்டு, 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. இயந்திரத்தாற் செய்யப்பெற்று வடநாட்டு அலிகார் நகரிலிருந்து வரும் பூட்டுகள் இதனினும் விலை குறைந்தவை. ஆயினும் பட்டறிவுடைய முதியோர் பூட்டுக் கடைக்குச் சென்றால் விலையை முதலிற் கேளார். உள்ளே லீவர் எத்தனை உள்ளன, சாவி தொலைந்தால் யார் செய்து தருவார் என்றே கேட்பர். பூட்டின் விலையைக் கடையிலேயே அறியலாம். அதன் தரத்தையோ கள்வன் வந்த இரவில்தான் அறிய முடியும். அவ்விரவில் அறிந்து பயன் என்ன?

இக்காலத்தில் வீட்டிற்கு இணைய இணைப்பு வாங்குவோரும் பூட்டு வாங்குவோரைப் போன்றவரே. அதன் விலை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும். சேவையின் தரமோ இணைப்பு அறுந்த நாளில்தான் தெரியவரும். ஆதலால் விலையையும் சேவையையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்க்கும் முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாளில் வழங்கப்பெற்றது. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியாகவே அது வந்தது. இணையத்தில் இருக்கும்போது தொலைபேசியிற் பேச இயலாது. பிராட்பேண்டு என மக்கள் வழங்கும் விரைவு இணைப்பு பின்னர் வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் விரைவு இருந்தாலே அப்பெயருக்குத் தகும் என 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை வரையறுத்தது. 2023ஆம் ஆண்டில் அவ்வளவு 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. இன்று நகர வீடுகளுக்கு 100 மெகாபிட் இணைப்பும் எளிதிற் கிடைக்கின்றது.

இவ்விரைவுக்குக் காரணம் கண்ணாடி இழை. தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியைச் செலுத்திச் செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்பதை, சீனாவிற் பிறந்த சார்லஸ் காவ் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதன்பொருட்டு 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். மேலுறை நீங்கிய அவ்விழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. செப்புக் கம்பி அறுந்தால் முறுக்கிச் சேர்த்துவிடலாம். கண்ணாடி இழையை அவ்வாறு சேர்த்தல் இயலாது. இரு முனைகளையும் நேராக வெட்டி, கருவியின் துணைகொண்டு உருக்கி ஒட்ட வேண்டும். அதற்குக் கருவியும் வேண்டும். பயின்ற கையும் வேண்டும். ஆகவே, மாதந்தோறும் நாம் கொடுக்கும் பணம் இழைக்கு மட்டுமன்று. அதைக் காக்கும் ஆளுக்கும் சேர்த்தே என்பதை மறத்தலாகாது.

இவ்வுண்மையை நான் நூலிற் கற்றேனல்லேன், இழப்பிற் கற்றேன். சில ஆண்டுகட்கு முன்னர் என் வீட்டிற்கு இணைப்பு வாங்க முற்பட்டபோது, பத்து மாதக் கட்டணத்தில் ஓராண்டு இணைப்பு என்றார் ஒருவர். மலிவில் மனம் மயங்கி, வேறொன்றும் வினவாது, பணம் முழுவதையும் முன்னதாகவே செலுத்திவிட்டேன். எதிர்வீட்டு அன்பரோ சற்று மிகுந்த கட்டணத்தில் வேறோர் இணைப்பைப் பெற்றார்.

அவ்வாண்டு ஆடிக் காற்றில் தெருவிலிருந்த வேப்பமரத்தின் கிளை முறிந்து, இருவர் வீட்டு இழைகளையும் ஒருங்கே அறுத்தது. அப்பொழுது என் பேத்தி பொறியியற் கல்லூரிக் கலந்தாய்விற்காகத் தான் விரும்பும் கல்லூரிகளின் வரிசையை இணையத்திற் பதிய வேண்டியிருந்தது. குறித்த நாள் தப்பினால் அச்சுற்றில் இடமில்லை. எதிர்வீட்டு இணைப்பு அன்று மாலையே செம்மையாயிற்று. எம் இணைப்பிற்கோ, "இன்று வருவர், நாளை வருவர்" என்ற விடையே வந்தது. மூன்றாம் நாள் பேத்தியை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தருகே உள்ள பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கே நெடுநேரம் காத்திருந்து, தவணை முடியச் சில மணி நேரமே இருக்கையிற் பதிந்து முடித்தோம். அவள் கைகள் நடுங்கியதை நான் கண்டேன். ஆண்டுதோறும் வகுப்பறையிற் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தைப் பிறர்க்கு உரைத்த நான், என் வீட்டு வாயிலில் அதனை மறந்தேனே என்று நாணினேன்.

பின்னர் எதிர்வீட்டு அன்பரிடம், "தாங்கள் எவ்வாறு தேர்ந்தீர்கள்?" என வினவினேன். "ஐயா, நான் விலையைக் கடைசியாகக் கேட்டேன். இத்தெருவில் பழுது நேர்ந்தால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று ஏற்கெனவே இணைப்பு வைத்திருந்த நான்கு வீடுகளில் முதலிற் கேட்டேன்" என்றார் அவர். அவர் செய்தது அவ்வளவே.

இனி, விலையை ஆராயும் முறையைக் காண்போம். மாதம் 400 ரூபாய் என விளம்பரம் கூறினால், 18 விழுக்காடு சரக்கு சேவை வரியுடன் அது 472 ரூபாய் ஆகும். 550 ரூபாய் என்பது 649 ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு மாதம் 177. ஆண்டிற்கு 2,124 ரூபாய். மோடத்திற்கு முன்பணம் உண்டோ, அது திரும்பக் கிடைக்குமோ, இணைப்பை நிறுவத் தனிக்கட்டணம் உண்டோ என்பனவற்றையும் கேட்டுக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

விரைவைக் குறித்தும் தெளிவு வேண்டும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலால் 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. '100 வரை' என்பதிலுள்ள 'வரை' என்னும் சொல்லையும் கூர்ந்து நோக்குக. அது மேல் எல்லையைச் சொல்கிறதேயன்றி உறுதி கூறவில்லை. குறித்த அளவு தீர்ந்தபின் விரைவு குறைக்கப்படுமாயின், அவ்வளவு எவ்வளவு என்றும் கேட்டல் வேண்டும்.

மிகுந்த விலை கொடுத்தால் நல்ல சேவை தானே வரும் என்று எண்ணுதலும் பிழையாகும். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் முதலிய பெருநிறுவனங்களும் உண்டு. தெருவில் நாம் அறிந்த கேபிள்காரர் வழியாக வரும் இணைப்பும் உண்டு. பெருநிறுவனத்திற்கு ஊரெங்கும் ஆட்கள் இருக்கலாம். கேபிள்காரரோ பெயர் சொல்லி அழைத்தால் வருபவராக இருக்கலாம். ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்கு உழைத்து, அடுத்த தெருவில் அயர்ந்திருத்தலும் உண்டு. சிற்றூர்களில் தெரிவு இன்னும் சுருங்கும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுசேர்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசின் கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டமை இக்குறையை நோக்கியே ஆகும்.

வீட்டின் தேவையையும் அளந்தறிதல் வேண்டும். மாலையில் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமே இணையம் வேண்டுவோர்க்கு இரண்டு நாள் தடை பெருந்துன்பமன்று. அவர் மலிவான இணைப்பை வாங்குதல் அறிவுடைமையே. வீட்டிலிருந்தே அலுவல் புரியும் மகளும், தேர்வுக்குப் பயிலும் மகனும் உள்ள வீட்டிலோ ஒருநாள் தடையே ஒருநாள் ஊதியத்தை விழுங்கும். அவ்வீட்டில் ஆண்டிற்கு 2,124 ரூபாய் மிகுதியாகச் செலவிடுதல் வீண்செலவாகாது. எவ்வகையாயினும், சேவையை அறியுமுன் ஓராண்டுப் பணத்தை ஒருங்கே கட்டாது, முதலில் ஓரிரு மாதத்திற்குக் கட்டிப் பார்த்தல் நன்று.

பழுது நேர்ந்தபோது வாய்ச்சொல்லோடு நில்லாது, முறையீட்டைப் பதிவு செய்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அங்குத் தீர்வு கிடையாவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர்க்கு எழுதலாம். 2012ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த முறை இதுவாகும். அதன் பின்னரும் குறை தீராதாயின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் உண்டு. நான் அன்று முறையீட்டு எண்ணைக் கேட்கவில்லை. ஆதலின் என்னிடம் சினம் இருந்ததேயன்றிச் சான்று இல்லை.

மாணவர்களே! உங்கள் வீட்டில் இணைப்பு வாங்கும்போது, விளம்பரத் தாளைப் படித்துப் பெரியோர்க்கு விளக்குவோர் பெரும்பாலும் நீங்களே. விலையை மட்டும் படித்துக் காட்டி அமையற்க. அண்டை வீடுகளில் வினவுங்கள், வரியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், "அறுந்தால் யார் வருவார்?" என்னும் வினாவை வாங்குமுன் கேளுங்கள். பூட்டின் வலிமையை, கள்வன் வருமுன் அறிந்தவனே வீட்டைக் காத்தவன் ஆவான்.