டியூப் போட்ட கோடுகள்



கர்ப்பிணிகளின் வயிற்றுக் கோடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அருப்புக்கோட்டையில் தோல் வைத்தியம் பார்க்கிற ஒருவர் தமிழில் எழுத உட்காருவதே அபூர்வம். கொலாஜன், எலாஸ்டின் என்ற தோல் இழைகள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. நமக்குள் அதைப் பேச வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கோடுகளைக் கரிசல் மண்ணின் வெடிப்போடு ஒப்பிட்ட அந்த உவமை. இந்தப் பக்கத்துக்காரர் பேனாவை எடுத்தால் கரிசல் வெடிக்காமல் இருக்காது போலிருக்கிறது! திருச்சுழிக் காட்டில் வெடிப்பு மேலே விழும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். தோலில் மேற்பரப்பு வெடிப்பதே இல்லை. அறுவது உள் அடுக்கு. உங்கள் உவமையைப் படிக்கிற பெண் என்ன நினைப்பாள்? வெடிப்புக்கு ஈரம்தானே வேண்டும் என்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவாள். நீங்களும் அடுத்த பத்தியிலேயே தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சோற்றுக்கற்றாழை என்று வரிசையாக எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். 2012-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 6 சோதனைகளில் இருந்த 800 பெண்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்ப காலத்தில் களிம்பு தடவியதால் கோடு வருவது குறைந்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் தேய்ப்பது சுகமான காரியம், அரிப்பும் கொஞ்சம் அடங்கும், தேய்க்கட்டும். தேய்த்தால் கோடு வராது என்று டாக்டர் சொல்லக் கூடாது. அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் கர்ப்பமானால் இன்னும் அதிகம். இதற்கு எந்த எண்ணெய் என்ன செய்யும்?

சிகிச்சைப் பகுதியிலும் மதுரைக்குப் போய் லேசர் எடுத்தால் மறைந்துவிடும் என்கிற தொனி இருக்கிறது. வெளுத்துப்போன கோடு முழுசாக மறையாது, மங்கும். நம் கறுத்த தோலில் லேசர் பட்ட இடம் இன்னும் கறுத்துப் போகிற ஆபத்தும் உண்டு. கோடு புதிதாக இருக்கும்போது டிரெட்டினாயின் களிம்புக்கு ஓரளவு கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் வயிற்றுக் கோடு புதிதாக இருக்கிற காலம் எது? அவள் பிள்ளையைச் சுமக்கிற காலம், அப்புறம் பால் கொடுக்கிற காலம். கர்ப்பிணிக்கு அந்த மருந்து கூடாது, பால் கொடுப்பவளுக்கும் தவிர்ப்போம். கைக்கு மருந்து வருகிறபோது கோடு வெளுத்திருக்கும். இதைத்தான் வாசகிக்கு விளக்கியிருக்க வேண்டும். அதோடு, அந்தக் கோட்டால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்பதையும்.

இரண்டாவதுதான் எனக்கு நிஜமான கோபம். மூன்று பக்கக் கட்டுரையில் ஸ்டீராய்டு களிம்புக்கு ஒரே ஒரு வாக்கியம்! "சில களிம்புகளாலும் ஏற்படலாம்." எந்தச் சில? நம் ஊரில் உட்கார்ந்து இப்படி எழுதலாமா?

நான் தொழில் தொடங்கியபோது படர்தாமரைக்கு விட்ஃபீல்டு களிம்பு கொடுப்போம். எரியும், திட்டுவார்கள், வாரக்கணக்கில் போட வேண்டும், ஆறிவிடும். பிறகு மூன்று மருந்தை ஒன்றாகக் குழைத்த டியூப் வந்தது: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டாக பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், நிறுத்தினால் இரட்டிப்பாக வரும், மறுபடி அதே டியூப். விசைத்தறிக் கொட்டகையில் நாள் முழுக்க நிற்கிற ஒரு பையன் வந்தான். வியர்வை, லுங்கி மடிப்பு, அரைஞாண் கயிறு; இடுப்பைச் சுற்றிப் படை. தொடை இடுக்கில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. படையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. கோடு போகுமா என்பதுதான் கேள்வி. சட்டைப்பையிலிருந்து டியூப்பை எடுத்தான், அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி மிச்சம் வைத்திருந்தது. வீட்டில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அதே டியூப்தானாம். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "மெடிக்கல்ல கேட்டு வாங்கினது சார்."

குளோபெட்டசாலை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, வாரத்துக்கு 50 கிராம் தாண்டக் கூடாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய, மூடிய இடங்களில் மருந்து மடங்கு மடங்காக உள்ளே இறங்கும் என்பதும் தெரியும். அந்தப் பையனுக்கு யார் சொன்னார்கள்? 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு வெளிப்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அதுவரை வெளிப்பூச்சு என்ற பெயரில் அவை சலுகையோடு தப்பித்துக்கொண்டிருந்தன. நம் தோல் மருத்துவர் சங்கம் வருஷக்கணக்காகக் கத்தியதன் பலன் அது. சட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும் சீட்டு இல்லாமல் டியூப் கிடைக்கிறது. பிரசவக் கோடு இயற்கை போட்டது. டியூப்பால் வருவது நாம் விற்றுப் போட்ட கோடு, விற்காமல் இருந்தால் வந்தே இருக்காது. உங்கள் மூன்று பக்கமும் இதற்குப் போயிருக்க வேண்டும்.

களிம்போடும் நிற்பதில்லை. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பேர் தெரியாத ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, முகம் வீங்கி, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகளோடு வருகிறவர்கள் உண்டு. டாக்டர் ஹார்வி குஷிங் 1912-லேயே விவரித்த அதே கோலம். கோட்டுக்குக் களிம்பு கேட்டு வருகிறவரிடம் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேளுங்கள். ஆனால் அந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதையும் எழுதுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். உங்கள் கட்டுரையில் பத்தாம் வகுப்புப் பையன் வருகிற பத்தி அற்புதம். மளமளவென்று உயரமாகிறவனின் கீழ்முதுகில் குறுக்காக விழும் கோடுகளைப் பார்த்து, அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் நினைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பாடப் புத்தகத்தில் அரை வரியில் கிடப்பதை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். என் காலத்தில் யாரும் இப்படி எழுதியதில்லை, நான் உட்பட.

அந்தக் கையால்தான் டியூப் கட்டுரையையும் எழுத வேண்டும் என்கிறேன். உவமை வேண்டாம். மருந்து அட்டையின் இடது ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டைப் படமாகப் போட்டு, இது இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காதே, கொடுக்காதே என்று பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். அச்சுச் செலவு என்னுடையது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி மெடிக்கல் கடைகளில் ஒட்டுவதற்கு ஆள் மட்டும் நீங்கள் பாருங்கள்.